வளைபாதம்: கால் நேரான பிறகு நடக்கும் தவறுகள்

பிறந்த குழந்தையின் பாதம் உள்பக்கமாகத் திரும்பி, குதிகால் மேலே தூக்கி, விறைப்பாக நின்றால் அது வளைபாதமாக இருக்கலாம். ஆஸ்பத்திரியில் ‘கிளப் ஃபுட்’ என்பார்கள். சுமார் ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. ஆண் குழந்தைகளுக்கு அதிகம். பெரிய ஆபரேஷன் இல்லாமலே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். சிகிச்சை கைவிட்டுப் போவது எங்கே என்று பார்த்தால், அநேகமாகப் பாதம் நேரான பிறகுதான்.

முதலில் பழி போடும் பேச்சை விடுவோம். கிரகணத்தில் வெளியே வந்தது, கர்ப்பத்தில் கால் மேல் கால் போட்டது என்று தாயைக் குடைவார்கள். இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்தது, “எண்ணெய் தேய்த்து நீவினால் சரியாகிவிடும்” என்று காத்திருப்பது. கருப்பையில் மடங்கி இருந்ததால் மட்டும் திரும்பியிருக்கும் பாதத்தை மெல்லத் திருப்பினாலே முழுதாக நேரே வரும். அது தானாகவும் சரியாகும். வளைபாதம் அப்படி வராது, நீவியும் பயனில்லை. எது எது என்று எலும்பு மருத்துவர் சொல்லட்டும். பிறந்த முதல் சில வாரங்களிலேயே தொடங்கினால் சுலபம். தாமதமாகிவிட்டதா? அப்போதும் போகலாம், வழி இருக்கிறது.

இப்போது உலகம் முழுக்கச் செய்வது பொன்செட்டி முறை. ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மருத்துவர் இக்னாசியோ பொன்செட்டி உருவாக்கியது. வாரம் ஒருமுறை பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, விரல் முதல் தொடை வரை மாவுக்கட்டு போடுவார்கள். ஐந்தாறு கட்டுகள் போதும். பிறகு பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகாலுக்குப் பின்னால் உள்ள தசைநாரைச் சின்னதாக வெட்டிவிட்டு, மூன்று வாரத்துக்குக் கடைசிக் கட்டு. ‘வெட்டினால் எப்படி நடக்கும்’ என்று பயந்து பலர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். அந்த மூன்று வாரத்தில் தசைநார் நீளமாக மறுபடி வளர்ந்துவிடும். இதை விட்டால் குதிகால் கீழே இறங்காது.

கட்டுப் போட்ட நாட்களில் விரல் நுனியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். நீலமானாலோ, வீங்கினாலோ, விரல்கள் கட்டுக்குள்ளே போய்விட்டாலோ வாரக் கணக்கு பார்க்காமல் அன்றே ஓட வேண்டும். நாளைக்குத்தானே போகிறோம் என்று முந்தைய இரவே வீட்டில் ஊறவைத்துப் பிரித்தால், வந்த திருத்தம் கொஞ்சம் திரும்பிப் போகும். அடுத்த கட்டுக்குச் சற்று முன்புதான் பிரிக்க வேண்டும்.

அப்புறம் ஷூ. இரண்டு ஷூக்களை ஒரு கம்பியில் இணைத்திருப்பார்கள். முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம். பிறகு இரவிலும் பகல் தூக்கத்திலும், நான்கைந்து வயது வரை. ஒரு கால் மட்டும் வளைந்திருந்தாலும் இரண்டு காலுக்கும் போட வேண்டும். பாதம் அழகாக நேராகிவிட்டது, இன்னும் எதற்கு இந்தச் சித்திரவதை என்று பாட்டி கழற்றி வைப்பார். கல்யாணம், திருவிழா என்று ஊருக்குப் போனால் ஷூ வீட்டிலேயே கிடக்கும். வளைவு திரும்ப வருவதற்கு முதல் காரணம் இதுதான். குழந்தையின் மேல் கோபப்படுவதில் பொருளில்லை, இது பெரியவர்களின் மனத்திடம் பற்றிய விஷயம். வீட்டில் எல்லோரையும் கூட்டி வைத்து மருத்துவரிடமே ஒருமுறை பேசச் சொல்வது நல்லது.

முதல் சில நாள் குழந்தை அழும். இரண்டு காலையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டினால் பழகிக்கொள்ளும். அழுகை நிற்கவில்லை என்றால் குதிகால் ஷூவின் அடியில் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். வாரைத் தளர்த்துவது தீர்வல்ல, அதில்தான் பாதம் நழுவி உரசிக் கொப்புளம் வரும். சிவந்த இடத்தில் கிரீம் தடவினால் தோல் இன்னும் மோசமாகும். பருத்தி சாக்ஸ் போதும். விரல் முன்னால் நீட்டிக்கொண்டு வரும்போது பெரிய அளவு கேட்டு வாங்குங்கள்.

செலவை நினைத்து நிறுத்துபவர்களுக்கு: 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் வளைபாதமும் சேர்ந்திருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் மாவட்ட இடையீட்டு சேவை மையத்தில் விசாரியுங்கள்.

நடக்க ஆரம்பித்த பிறகு பாதத்தின் வெளி ஓரத்தில் ஊன்றினாலோ, குதிகால் தரையில் படாவிட்டாலோ, வளைவு திரும்புகிறது என்று பொருள். மறுபடி சில மாவுக்கட்டுகள் போடுவார்கள். தேவைப்பட்டால் மூன்று வயதுக்கு மேல் ஒரு தசைநாரை இடம் மாற்றுவார்கள். கெண்டைக்கால் சற்று மெலிந்திருப்பதும் பாதம் கொஞ்சம் சிறியதாக இருப்பதும் அப்படியேதான் இருக்கும். அதற்காக மசாஜுக்குப் பணம் கட்ட வேண்டாம்.