மாரத்தானுக்கு மருத்துவ ஏற்பாடு: முதன்முறை பொறுப்பேற்பவருக்கு

பொறுப்பு கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது, "எத்தனை டாக்டர்கள் வேண்டும்?" அதைச் சற்றுத் தள்ளி வையுங்கள். பாதையில் எந்த இடத்தில் ஒருவர் விழுந்தாலும் எத்தனை நிமிடத்தில் அவரிடம் போய்ச் சேருவோம்? இதற்கு விடை கண்டால் ஆள் கணக்கு தானாக வந்துவிடும்.

1. வரைபடத்தில் நிமிடங்களைக் குறியுங்கள்

இதயத் துடிப்பு நின்றவருக்கு நெஞ்சழுத்தமும் மின் அதிர்ச்சியும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அதனால் மூன்று நிமிடத்துக்குள் ஏ.இ.டி. (இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும்) கருவி எட்டுகிறதா என்று பாருங்கள். 42.195 கி.மீ. நெடுகச் சம இடைவெளியில் முகாம் போட்டால் வரைபடம் அழகாக இருக்கும், அவ்வளவுதான். துடிப்பு நிற்பது பெரும்பாலும் கடைசிக் கால்பகுதியில் நடப்பதால் அங்கே முகாம்களை நெருக்கி வையுங்கள். கூட்டத்துக்குள் புக, கருவியோடு சைக்கிளில் செல்லும் குழு நல்லது.

2. ஆம்புலன்ஸ் வெளியேறும் வழி

உள்ளே வரும் வழியைக் குறிப்பவர்கள் வெளியேறும் வழியை மறந்துவிடுகிறார்கள். ஓட்டக்காரர்கள் நிறைந்த சாலையை வண்டி எங்கே குறுக்கே கடக்கும், அங்கே தடுப்பை யார் நகர்த்துவார் என்பதைக் காவல்துறையோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். முந்தைய வாரமே அந்த வழியில் ஒருமுறை வண்டியை ஓட்டிப் பாருங்கள். ஒரு வண்டி நோயாளியோடு கிளம்பினால் அதன் இடத்துக்கு எது நகரும் என்பதும் திட்டத்தில் இருக்க வேண்டும்.

3. ஒரே கட்டுப்பாட்டு அறை

மருத்துவம், காவல், ஆம்புலன்ஸ், போட்டி நிர்வாகம் நான்கும் ஒரே அறையில் இருக்கட்டும். கூட்டம் பெருகினால் கைப்பேசி இணைப்பு திணறும். வாக்கி டாக்கி கட்டாயம். பாதையோரம் எண் பலகைகள் நட்டு, தன்னார்வலர்களுக்கு இந்த வரிசையைப் பழக்குங்கள்: பலகை எண், நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா, என்ன வேண்டும். "அந்த மரத்துக்குப் பக்கத்தில்" என்று தகவல் வந்தால் வண்டி மரம் மரமாகத் தேட வேண்டியதுதான்.

4. இலக்குக்கோட்டுக் கூடாரம்

கோட்டைத் தாண்டியதும் சரிபவர்கள்தான் இங்கே அதிகம். கால்கள் சட்டென நின்றதும் ரத்தம் கீழே தேங்கி அழுத்தம் இறங்குகிறது. படுக்கவைத்துக் கால்களை உயர்த்தினால் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தவரை இவர்களோடு சேர்க்காதீர்கள். அவருக்குப் பெரிய காரணம் இருக்கலாம்.

குழப்பமாகப் பேசுகிறார், உள்ளுடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டது என்றால் அது வெப்பவாதம். வெப்பத்தை ஆசனவாய் வழியாக அளக்க வேண்டும். நெற்றியிலும் அக்குளிலும் எடுக்கும் அளவு ஏமாற்றிவிடும். பனிக்கட்டி நீர்த்தொட்டியில் இறக்குங்கள். முதலில் குளிர்விப்பு, பிறகுதான் மருத்துவமனை. அரை மணி நேரத்துக்குள் வெப்பம் இறங்கியாக வேண்டும்.

அதே குழப்பம் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தவருக்கும் வரும். ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே போயிருக்கும். வந்தவருக்கெல்லாம் ட்ரிப்ஸ் ஏற்றும் பழக்கம் எனக்குப் பிடிக்காததற்கு இதுவே காரணம். சோடியத்தை அளக்காமல் ஏற்றினால் உயிருக்கே ஆபத்தாகலாம். கூடாரத்தில் அளக்கும் கருவி ஒன்று இருக்கட்டும்.

5. நிறுத்தும் அதிகாரம் யாருக்கு?

2007-இல் சிகாகோ மாரத்தான் கடும் வெப்பத்தால் பாதியில் நிறுத்தப்பட்டது. அப்படி ஒரு நாளில் யார் சொன்னால் ஓட்டம் நிற்கும், அதை ஓட்டக்காரர்களுக்கு எப்படித் தெரிவிப்பது என்று முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

2013-இல் பாஸ்டனில் இலக்குக்கோட்டருகே குண்டுகள் வெடித்தன. களைத்தவர்களுக்காகப் போட்ட கூடாரம் நொடிகளில் காயமடைந்தவர்களின் சிகிச்சை இடமானது. ரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்குப்பட்டைகளையும் பொருட்பட்டியலில் சேருங்கள்.

6. ஒத்திகை

மேசையில் வரைபடத்தை விரித்து, "32-ஆவது கிலோமீட்டரில் ஒருவர் விழுந்தார்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். யார் முதலில் வாக்கி டாக்கியை எடுக்கிறார், எத்தனை பேர் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். பார்ப்பவர்கள் அதிகமென்றால் மூன்றாவது படிக்குத் திரும்புங்கள்.