சர்வாதிகாரம் பற்றிப் பேசப் போறீங்களா? இதையெல்லாம் தவிருங்க

ஈரோடு, கோபி பக்கம் கல்லூரிப் பிள்ளைகளை மேடைப் பேச்சுக்குத் தயார் செய்கிறேன். ‘உலகெங்கும் தலைதூக்கும் சர்வாதிகாரம்’ என்ற தலைப்பு கிடைத்தால் போதும், நாங்கள் அந்த வயதில் அடித்த கூத்தையே இவர்களும் அடிக்கிறார்கள். பெயர் குழறுவது, நேரம் தாண்டுவது எல்லாம் நடுவர் பார்த்துக்கொள்வார்.

டாங்கியைத் தேடுவது

பவானித் தம்பி ஒருவர் ஹங்கேரி பற்றி எழுதிவந்த தாளில் முதல் வரியே ‘டாங்கிகள் வீதியில் இறங்கின’. 1956இல் சோவியத் டாங்கிகள் வந்தது வாஸ்தவம். இவர் எழுதியதோ 2010இல் ஹங்கேரிப் பிரதமரான விக்டர் ஓர்பன் பற்றி. அந்த வரியை அடித்துவிடச் சொன்னேன். “அப்புறம் எப்படீங்ணா சர்வாதிகாரம்ங்கிறது? ஓட்டு வாங்கித்தானுங்க ஜெயிச்சாரு?”

எனக்கு இன்னமும் எரிச்சல் மூட்டுவது இந்தக் கேள்விதான். போட்டியில் பாதிப் பேர் தோற்பதும் இங்கேதான்.

ஓட்டு வாங்கித்தான் ஜெயித்தார். 2010இல் அவருடைய ஃபிடெஸ் அணிக்குக் கிடைத்தது சுமார் 53 சதவீத ஓட்டு. இடங்களோ மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். அரசியல் சட்டத்தையே மாற்ற அது போதும். மாற்றினார், 2012 ஜனவரி 1 முதல் புதுச் சட்டம். நீதிபதிகளின் ஓய்வு வயது 70இலிருந்து 62 ஆனது. அது தப்பு என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொல்வதற்குள் பலருடைய நாற்காலியில் வேறு ஆள். நாடாளுமன்ற இடங்கள் 386இலிருந்து 199 ஆயின, தொகுதி எல்லைகள் திருத்தப்பட்டன. 2014இல் 45 சதவீத ஓட்டுக்கே மறுபடி மூன்றில் இரண்டு பங்கு! பால் சங்கத் தேர்தலில் ஜெயித்த தலைவர், முதல் வேலையாக உறுப்பினர் பட்டியலைத் திருத்துகிற மாதிரி. எல்லாம் சட்டப்படி, கையெழுத்தோடு.

அதிலும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் இதைக் கேட்கலாமா? 1975 நெருக்கடி நிலையும் அரசியல் சட்டத்தின் 352ஆவது பிரிவின்படி, குடியரசுத் தலைவர் கையெழுத்தோடு வந்ததுதான்.

ஜெயித்த பிறகு நீதிமன்றம், தேர்தல் விதி, பத்திரிகை இவற்றில் எதை, எப்போது தொட்டார் என்று தேதியோடு எழுதுங்கள்.

தோற்ற தரப்பைப் புனிதர்களாக்குவது

ஓர்பனுக்கு முன் ஆண்ட சோஷலிஸ்ட் பிரதமர், மக்களிடம் பொய் சொன்னதாகத் தன் கட்சிக்காரர்களிடம் ஒப்புக்கொண்ட பேச்சு 2006இல் கசிந்தது. 2008 நிதி நெருக்கடியில் உள்ளூர்ப் பணம் சரிய, சுவிஸ் பிராங்கில் வீட்டுக்கடன் வாங்கிய குடும்பங்களின் தவணை எகிறியது. ஜனங்கள் சும்மா கட்சி மாறவில்லை.

சிங்கப்பூரைக் காட்டுவது

‘கெடுபிடி ஆட்சிதான் நாட்டை முன்னேற்றும்’ என்பதற்குத் திருப்பூர்த் தொழில் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பிடித்த உதாரணம். லீ குவான் யூவை எடுத்தால், ஜிம்பாப்வேயை 37 வருஷம் ஆண்டு சீரழித்த முகாபேயையும் எடுக்கணும்.

எல்லாரையும் ஹிட்லர் என்பது

வேண்டாம்.

இனி மீட்சியே இல்லை என்று முடிப்பது

போலந்து, 2023 அக்டோபர் தேர்தல். ஏறத்தாழ 74 சதவீத வாக்குப்பதிவு. ஓர்பன் வழியில் போன எட்டு வருஷ ஆட்சி பெரும்பான்மை இழந்தது. மேடையில் குரல் தழுதழுப்பதற்கு முன்னால் அதையும் படிச்சுட்டு வாங்க சாமி.