நேராக நிற்கும் உடலைக் கணினியில் உருவாக்குவது எப்படி?

இதற்குத் தசைகளையும் எலும்புகளையும் வரைய வேண்டியதில்லை. கணுக்காலை அச்சாகக் கொண்ட தலைகீழ் ஊசல் போதும். நிறை 70 கிலோ, கணுக்காலிலிருந்து ஈர்ப்பு மையத்தின் உயரம் 0.9 மீட்டர், நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சிக்கு உடல் காட்டும் எதிர்ப்பு) 65 கிலோகிராம் சதுர மீட்டர் என்று வையுங்கள். சாய்வு ரேடியனுக்கு 618 நியூட்டன் மீட்டர் வீதம் புவியீர்ப்பு உடலைக் கவிழ்க்கும். அதை எதிர்க்கும் கணுக்கால் திருப்புவிசை: கோணம் பெருக்கல் 800, கூட்டல் சாயும் வேகம் பெருக்கல் 300. முதல் எண் 618-க்குக் கீழே போனால் உடல் விழுந்துவிடும்.

காலப்படி, அதாவது ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம், 0.001 விநாடி. ஒவ்வொரு படியிலும் முதலில் வேகத்தை மாற்றி, அந்தப் புதிய வேகத்தைக் கொண்டு கோணத்தை மாற்றுங்கள். கோணத்தை டிகிரியில் கொடுத்துவிட்டு ரேடியனாக மாற்ற மறப்பது சகஜம். 1 டிகிரி என்பது 0.01745.

இனிதான் முக்கியமான இடம். பாதத்தின் உணர்வு நரம்பு வழியே மேலேறி, கட்டளையாகத் திரும்பி, தசையில் விசை பிறக்க நேரமாகும், 0.15 விநாடி வையுங்கள். தாமதம் இல்லாத மாதிரி மனித உடலைப் பற்றி எதுவும் சொல்லாது. 150 இடங்கள் கொண்ட வளையப் பஃபரில் (கடைசி இடம் நிறைந்ததும் முதல் இடத்துக்கே திரும்பி எழுதும் பட்டியல்) கோணம், வேகம் இரண்டையும் போட்டு, பழையதை எடுத்துப் பயன்படுத்துங்கள். கோணத்தை மட்டும் தாமதப்படுத்தி வேகத்தை உடனுக்குடன் எடுத்தால், இல்லாத உறுதி வந்துவிடும். பஃபரின் கோண இடங்களைப் பூஜ்யத்தால் நிரப்பாமல் தொடக்கக் கோணத்தால் நிரப்புங்கள். சோதிக்க, ஒரே ஒரு 1-ஐ உள்ளே விடுங்கள்: அது 150ஆம் படியில் வெளிவர வேண்டும். உடனே வந்தால், எழுதிய இடத்தையே படிக்கிறீர்கள்.

பிறகு தாமதத்தை 10 மில்லி விநாடி வீதம் கூட்டிப் பாருங்கள். சுமார் 0.28 விநாடியில் ஊசலாட்டம் அடங்காமல் பெருகும்.

புலன்களுக்கு எடை: தசை, மூட்டு உணர்வு 0.7, உள்காது 0.2, பார்வை 0.1. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இரைச்சல் (தற்செயலான பிழை) சேர்த்து, எடைபோட்டுக் கூட்டுங்கள். மூட்டு உணர்வை நீக்கி மற்ற எடைகளை அப்படியே விட்டால் 800 என்பது 240 ஆகிவிடும், உடல் விழும். மீதமுள்ள எடைகளின் கூட்டுத்தொகையை மீண்டும் 1-க்கு உயர்த்துங்கள். நம் மூளையும் இருள் சூழும்போது இப்படித்தான் எடைகளை மாற்றிக்கொள்கிறது. இரைச்சலைப் படிக்கொரு புது எண்ணாகப் போட்டால் காலப்படியை மாற்றும்போது தள்ளாட்டமும் மாறும். அந்த எண்ணைக் காலப்படியின் வர்க்கமூலத்தால் வகுத்து, வேகமான ஏற்ற இறக்கங்களை மழுக்கும் தாழ் அலைவெண் வடிகட்டி (low-pass filter) வழியே விடுங்கள்.

கடைசியாக, திருப்புவிசைக்கு வரம்பு வையுங்கள்: முன்சாய்வுக்கு 103 நியூட்டன் மீட்டர், பின்சாய்வுக்கு 34. கணுக்காலுக்கு முன்னால் 15 சென்டிமீட்டர், பின்னால் 5 சென்டிமீட்டர் பாதம் இருப்பதாகக் கொண்ட கணக்கு இது. வரம்பைத் தாண்டினால் குதிகாலோ விரல்களோ தரையை விட்டு எழும். அதற்கு மேல் இந்த ஊசல் செல்லாது.