வில்வீரர் ஆட்டமா? காலம் மாறும் நேரத்தில் கொல்லன் பட்டறையைச் சும்மா வையுங்கள்
ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கணினி விளையாட்டில் வில்வீரரை நம்பி ஆடினால், இரண்டாம் கட்டமான ஃபியூடல் காலத்திலேயே 150 மரம் செலவழித்துக் கொல்லன் பட்டறையைக் கட்டிவிடுங்கள். அடுத்த கட்டமான காசில் காலத்துக்குப் போகத் தேவையான இரண்டு கட்டடங்களில் ஒன்றாக அதுவும் கணக்கில் சேரும். அங்கே முதலில் ஃபிளெட்சிங் என்ற அம்பு மேம்பாடு: 100 உணவு, 50 தங்கம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் கடையில் தே தாரிக் குடித்துவிட்டு விடிய விடிய ஆடும் கூட்டம் சறுக்குவது அடுத்த கட்டத்தில்தான். காலம் மாறும் தறுவாயில் பட்டறையில் கவசத்தைப் போட்டுவிடுவார்கள். ஒரு பட்டறை ஒரு நேரத்தில் ஒரு மேம்பாட்டைத்தான் செய்யும், அடுத்த அம்பு மேம்பாடான போட்கின் காத்துக்கிடக்கும். அதற்குள் எதிராளி குதிரை வாசலுக்கு வந்துவிடும்!

325 உணவு, 175 தங்கம் கையில் இருக்கட்டும். காசில் காலம் வந்த நொடியே போட்கினுக்கு 200, 100; வில்கூடத்தில் வில்வீரரை உயர்த்தும் கிராஸ்போவுக்கு 125, 75. ஃபோர்ஜிங் பக்கமே போகாதீர்கள், அது காலாட்படைக்கும் குதிரைக்கும்தான்.