மேக்னா கார்ட்டா: எழுதும்போது சறுக்குகிற இடங்கள்

இங்கிலாந்தின் ஜான் மன்னர் இறகுப் பேனாவால் மேக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தில் கையெழுத்திடும் படத்தைப் பலரும் பார்த்திருப்போம். அந்தப் பேனாவை முதலில் மறந்துவிடுங்கள். 1215 ஜூனில் தேம்ஸ் கரையிலுள்ள ரன்னிமீட் புல்வெளியில் ஒப்புக்கொண்ட சாசனத்துக்கு, அக்கால வழக்கப்படி அரச முத்திரைதான் இடப்பட்டது. இது சின்னப் பிழை. வரலாற்றையே திசைமாற்றிவிடும் பிழைகள் வேறு இருக்கின்றன.

'மக்களுக்கு உரிமை தந்த சாசனம்' என்று எழுதுவது அதில் முதலாவது. கேட்டுப் பெற்றவர்கள் நிலப்பிரபுக்கள். 1204-இல் பிரான்ஸிலிருந்த நார்மண்டியைப் பறிகொடுத்த ஜான், அதை மீட்கும் போருக்காக அவர்களிடம் வரிமேல் வரி கறந்தார். 1214-இல் பூவின் (Bouvines) என்ற ஊரில் நடந்த போரில் அவருடைய கூட்டாளிகள் தோற்றார்கள். பணமும் போயிற்று, நிலமும் கிடைக்கவில்லை. அந்த ஆத்திரம்தான் கலகமானது. சட்டப்படி அல்லாமல் யாரையும் சிறைப்பிடிக்கக் கூடாது என்கிற புகழ்பெற்ற 39-ஆம் பிரிவும் 'சுதந்திர மனிதனை' மட்டுமே குறிப்பிடுகிறது. நிலத்தோடு கட்டுண்டு கிடந்த பண்ணையாட்கள் அதற்குள் வரமாட்டார்கள். அதற்காக இதைப் பிரபுக்களின் சுயநலக் காகிதம் என்று தள்ளுவதும் தப்பு. வாக்கை மீறினால் மன்னருடைய கோட்டைகளையே கைப்பற்ற 25 பிரபுக்களுக்கு அதிகாரம் உண்டு என்று மன்னரின் முத்திரையோடு எழுதி வாங்குவது லேசான காரியமா?

அடுத்து, 1215 முதல் அது தொடர்ந்து நடைமுறையில் இருந்தது என்ற நினைப்பு. அதே ஆண்டு ஆகஸ்டில் போப் மூன்றாம் இன்னொசென்ட் அதைச் செல்லாது என்று அறிவித்துவிட்டார். உள்நாட்டுப் போர் மூண்டது, 1216-இல் ஜானும் இறந்தார். ஒன்பது வயது மூன்றாம் ஹென்றியின் பெயரில் சாசனம் மறுபடி வெளியானபோது, பொது ஆலோசனையின் ஒப்புதல் இல்லாமல் வரி கூடாது என்ற பிரிவையே எடுத்துவிட்டார்கள். பிறகு 1225-இல் மன்னருக்குப் பணம் தேவைப்பட்டது. அசையும் சொத்தில் பதினைந்தில் ஒரு பங்கு வரி கொடுத்து, அதற்கு ஈடாகச் சாசனத்தை மீண்டும் உறுதிசெய்து வாங்கினார்கள். வரியைக் கொடுத்து உரிமையை வாங்குவது என்கிற இந்தப் பேரத்தைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கதை தானாக விளங்கும்.

நாடாளுமன்றமும் அப்படித்தான். 1265-இல் சைமன் டி மான்ட்ஃபோர்ட் ஷயர்கள் எனப்படும் மாவட்டங்களின் நைட்டுகளோடு (வீரப் பட்டம் பெற்றவர்கள்) நகரங்களின் பிரதிநிதிகளையும் அழைத்தார். அவர் மன்னரை எதிர்த்த கலகக்காரர் என்பதால், பிரதிநிதித்துவம் முழுவதுமே மன்னரிடமிருந்து பிடுங்கியது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் அவரை ஈவ்ஷம் போரில் வீழ்த்திய முதலாம் எட்வர்டே 1295-இல் அதே முறையில் பிரதிநிதிகளைக் கூட்டினார். ஏன்? வருகிறவர்கள் தம் ஊர் சார்பாக 'முழு அதிகாரத்தோடு' வர வேண்டும் என்று அவருடைய அழைப்பாணை கேட்டது. அவர்கள் தலையாட்டினால் ஊரே தலையாட்டியது போல. அப்புறம் 'எங்களைக் கேட்கவில்லையே' என்று யாரும் வரி மறுக்க முடியாது. மன்னரின் வசதிக்காகப் பிறந்த ஏற்பாடு இது. வந்தவர்கள்தான் அதைத் திருப்பிப் பிடித்தார்கள். பணம் கேட்கிறீர்களா, சரி, எங்கள் குறையையும் கேளுங்கள் என்று மனுக்களை நீட்டினார்கள். எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த திருப்பம் இதுதான்.

நகரத்தாரை அவைக்கு அழைத்ததில் இங்கிலாந்துதான் முதல் என்றும் எழுதாதீர்கள். ஸ்பெயினின் லியோனில் ஒன்பதாம் அல்ஃபோன்ஸோ 1188-இலேயே நகரத்தாரைத் தம் அவைக்கு அழைத்திருக்கிறார்.

கடைசியாக, உரிமை ஒருமுறை கிடைத்தால் நிலைத்துவிடும் என்பதுபோல எழுதுவதைத் தவிருங்கள். 1376-இல் வரி கேட்டு வந்த அரசிடம் நாடாளுமன்றத்தின் பொதுமக்கள் அவையினர் முதலில் கணக்குக் கேட்டார்கள், அரசவை அதிகாரிகள்மீது வழக்குத் தொடுத்தார்கள். அவர்கள் சார்பில் பேசிய பீட்டர் டி லா மேர் அதற்காகச் சிறைக்குப் போனார். மறு ஆண்டு புது மன்னர் வந்தபின் விடுதலையானார். அடுத்து கூடிய அவை மீண்டும் அவரையே தன் பேச்சாளராகத் தேர்ந்தெடுத்தது.