வீட்டையே இடம் மாற்றுகிறீர்களா? அமெரிக்க ஜோனிங் அனுமதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் நிற்பவை. அஸ்திவாரத்திலிருந்து பிரித்து, இரும்பு உத்திரங்களில் ஏற்றி, வேறு மனைக்கு இழுத்துப் போவது அங்கே நூறு வருடத்துக்கு மேலாக நடக்கிற வேலை. 2021 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவில் 139 வயதான ஒரு விக்டோரிய பாணி வீடு ஃபிராங்க்ளின் தெருவிலிருந்து ஃபுல்டன் தெருவுக்கு இப்படித்தான் போனது. தூரம் ஆறு பிளாக். தெருவில் ஊர்ந்தது ஒரு ஞாயிறு காலை மட்டும். அதற்கு முன் திட்டமிடுவதிலேயே பல வருடங்கள் போயின. பதினைந்துக்கும் மேற்பட்ட நகரத் துறைகள் அனுமதி தர வேண்டியிருந்தது.

வீட்டை நகர்த்த நினைப்பவர்கள் முதலில் தேடுவது நகர்த்தித் தரும் கான்ட்ராக்டரை. போக வேண்டிய இடமோ, புது மனை எந்த நகராட்சியில் அல்லது கவுன்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது) இருக்கிறதோ அங்குள்ள ஜோனிங் அலுவலகம். எந்த மனையில் என்ன கட்டலாம், எப்படிக் கட்டலாம் என்று சொல்லும் விதிகள்தான் ஜோனிங்.

இந்த வரிசை தலைகீழாவதற்குக் காரணம் பெரும்பாலும் விலைதான். பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட நினைப்பவர், 'எடுத்துப் போனால் போதும்' என்று ஒரு டாலருக்குக்கூட வீட்டைக் கொடுத்துவிடுவார். ஆனால் இன்ன தேதிக்குள் மனை காலியாக வேண்டும் என்று கெடு வைப்பார். ஜோனிங் விசாரணையோ அந்தக் கெடுவுக்காக அவசரப்படாது. அக்கம்பக்கத்தாருக்கு நோட்டீஸ் போக வேண்டும், பொது விசாரணைக்குத் தேதி கிடைக்க வேண்டும். அனுமதி கிடைத்தால்தான் விற்பனை செல்லும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்தது, 'இந்த வீடு தொண்ணூறு வருடமாக இதே ஊரில் நிற்கிறதே, இனிமேல் என்ன ஆட்சேபணை?' என்று நினைப்பது. பழைய வீடு எல்லைக்கோட்டிலிருந்து மூன்றே அடியில் நின்றிருக்கலாம். விதி வருவதற்கு முன்பே கட்டியது என்பதால் விட்டுவைத்திருப்பார்கள். அந்தச் சலுகை வீடு நின்ற இடத்தோடு சேர்ந்தது, வண்டியில் ஏறி வராது. பல ஊர் விதிகளில் இது பச்சையாகவே எழுதியிருக்கும்: எந்தக் காரணத்துக்காக, எவ்வளவு தூரம் நகர்த்தினாலும், போய் நிற்கும் இடத்தின் இன்றைய விதிக்கு வீடு உட்பட வேண்டும். அதே மனைக்குள் பத்தடி தள்ளி வைத்தாலும் இதே கதைதான்.

அளவெடுப்பதில் நடக்கும் குளறுபடி தனி. ஐம்பதடி அகல மனை, இரு பக்கமும் ஐந்தடி செட்பேக் (எல்லைக்கோட்டிலிருந்து கட்டாயம் விட வேண்டிய இடைவெளி) என்றால் வீட்டுக்கு மிஞ்சுவது நாற்பதடி. நாற்பத்திரண்டு அடி வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? புதிதாகக் கட்டுபவர் வரைபடத்தைத் திருத்திக்கொள்வார். உங்கள் வீடு ஏற்கெனவே கட்டி முடிந்தது. முன்திண்ணை, புகைபோக்கி, தாழ்வாரம் எல்லாம் செட்பேக் கணக்கில் சேருமா என்பது ஊருக்கு ஊர் வேறுபடும், கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மூலை மனை இன்னும் மோசம். பல ஊர்களில் தெருவைப் பார்த்த இரண்டு பக்கத்துக்கும் முன்பக்க இடைவெளியே கேட்பார்கள். சர்வேயரை வைத்து, மனை வரைபடத்தின் மேல் வீட்டின் உருவத்தை வரைந்து பார்ப்பது வீட்டை வாங்கும் முன் செய்ய வேண்டிய செலவு.

சரி, இரண்டடிதானே, வேரியன்ஸ் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். வேரியன்ஸ் என்பது விதியிலிருந்து தரும் விலக்கு. அதைத் தரும் வாரியம் பொதுவாகப் பார்ப்பது மனையின் குறையை: செங்குத்துச் சரிவு, கோணல் வடிவம் போன்றவை. பெரிய வீட்டை வாங்கிவிட்டேன் என்பது நீங்களே தேடிக்கொண்ட சிரமம். அதற்கு விலக்கு கிடைப்பது அரிது. இதை நம்பி வீடு வாங்குவதைத்தான் இருப்பதிலேயே பெரிய தவறு என்பேன்.

இடம்பெயர்ந்து வரும் வீட்டுக்கென்றே தனி விசாரணை வைக்கும் ஊர்களும் உண்டு. பெயின்ட் உதிர்ந்து உத்திரத்தின் மேல் நிற்கும் வீட்டின் படத்தை மட்டும் காட்டினால் அக்கம்பக்கத்தார் மிரளத்தான் செய்வார்கள். பழுது பார்த்த பின் எப்படி இருக்கும், எப்போது முடியும் என்பதையும் கொண்டுபோங்கள். அதற்கு முன்பே அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிப் பேசிவிடுவது இன்னும் நல்லது.

நகராட்சி சரி சொல்லிவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. பத்திரத்திலோ குடியிருப்போர் சங்க விதியிலோ 'வெளியிலிருந்து வீடு கொண்டுவரக் கூடாது' என்று ஒரு வரி இருக்கலாம். ஜோனிங் சட்டமே இல்லாத ஹூஸ்டனில்கூடப் பத்திரக் கட்டுப்பாடுகள் உண்டு. அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமாவின் வரைபடத்தில் வெள்ள அபாயப் பகுதிக்குள் மனை இருந்தால், நகர்த்தி வந்த வீடும் புது வீட்டுக் கணக்குதான்; தரைமட்டத்தை உயர்த்தச் சொல்வார்கள். செப்டிக் டேங்க் தேவைப்படும் மனைக்குச் சுகாதாரத் துறையின் அனுமதி வேறு.

சாலையில் கொண்டுபோகும் அனுமதி கிடைத்துவிட்டது, ஜோனிங் இன்னும் முடியவில்லை, அதுவரை நண்பரின் காலி மனையில் வீட்டை நிறுத்திவைக்கலாமா? அப்படி நிறுத்துவதற்கும் அந்த மனைக்கு அனுமதி வேண்டியிருக்கும். கட்டட அனுமதிக்கும் ஆயுள் உண்டு. பல ஊர்களில் 180 நாளுக்குள் வேலை தொடங்காவிட்டால் காலாவதியாகிவிடும்.

அப்புறம், காலியான பழைய மனை. சாக்கடை இணைப்பை மூட வேண்டும், நிலவறைக் குழியை நிரப்ப வேண்டும். இதற்காகப் பல நகராட்சிகள் முன்கூட்டியே பிணைத்தொகை வாங்கிவைக்கும். அந்த வேலை விற்றவர் தலையிலா, வாங்கியவர் தலையிலா என்பதையும் விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.