எலும்புக்கு முதலில் கேழ்வரகு, பிறகு பிரண்டை

முழங்கால் வலிக்கிறது என்று சொன்னால் போதும், சேலத்தில் பத்து பேர் பிரண்டை சாப்பிடச் சொல்வார்கள். ஏற்காட்டுக்குப் போய், முடவாட்டுக்கால் என்ற பெரணித் தண்டில் செய்யும் சூப் குடிக்கச் சொல்வார்கள். இரண்டும் எனக்குப் பிடித்தவை. ஆனால் எலும்புக்கு வேண்டிய கால்சியம் அன்றாடச் சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

முதல் படி: கணக்குப் போடுங்கள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200. ஒரு டம்ளர் பால் (200 மி.லி.) சுமார் 240 தரும். 50 கிராம் கேழ்வரகு மாவில் 170 முதல் 180 வரை இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி எள்ளில் நூற்றுக்கு மேல். ஒரு கிண்ணம் தயிர், ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை சேர்ந்தால் பெரும்பகுதி வந்துவிடும். பாலக்கீரையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதிலுள்ள ஆக்சலேட், கால்சியத்தை உடலில் சேரவிடாது.

இரண்டாம் படி: கேழ்வரகை முளைகட்டுங்கள்

சேலத்து லீ பஜாரிலோ செவ்வாய்ப்பேட்டையிலோ முழுக் கேழ்வரகாகவே வாங்குங்கள். கல் நீக்கிக் கழுவி, இரவு முழுவதும் ஊறவைத்து, நீரை வடித்துத் துணியில் கட்டிவையுங்கள். வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து அரைத்துக்கொள்ளலாம். முளைகட்டும்போது, கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் குறைவதால் கால்சியம் எளிதில் சேரும். இந்த மாவில் களியோ கூழோ செய்து மோருடன் சாப்பிடுங்கள்.

மூன்றாம் படி: பிரண்டைத் துவையல்

இதில் அவசரமே கூடாது. நாற்பட்டையான தண்டில், நகம் பட்டால் ஒடியும் இளங்கொழுந்தாகத் தேர்ந்தெடுங்கள். முற்றியது நாரும் அரிப்புமாகவே இருக்கும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கணுக்களை வெட்டி எறிந்துவிட்டு, நான்கு ஓரங்களிலும் நாரை உரித்து, சிறு துண்டுகளாக நறுக்குங்கள்.

வாணலியில் தாராளமாக நல்லெண்ணெய் விட்டு, சிறு தீயில் வதக்குங்கள். பச்சை நிறம் மாறி, துண்டுகள் சுருங்கி, ஓரம் பழுப்பாகும்வரை பொறுத்திருங்கள். அரைவேக்காட்டில் இறக்கினால் நாக்கும் தொண்டையும் அரிக்கும். ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள்தான் காரணம். பிறகு உளுந்து, காய்ந்த மிளகாய், ஒரு கரண்டி எள், பெருங்காயம் ஆகியவற்றைத் தனியாக வறுத்து, புளி, உப்புடன் சேர்த்து அரையுங்கள். புளியைக் குறைக்காதீர்கள், அரிப்பை அடக்குவது அதுதான். எள் சேர்ப்பது என் வழக்கம். கால்சியத்துக்குக் கால்சியம், மணத்துக்கு மணம்.

எலும்பு முறிவு ஆறுவதில் பிரண்டை உதவுகிறதா என்று மனிதர்களிடம் சிறிய அளவில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அதை மட்டும் நம்பி மாவுக்கட்டைத் தவிர்த்துவிடாதீர்கள்.

நான்காம் படி: முடவாட்டுக்கால் சூப்

பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு வகைப் பெரணியின் (ஃபெர்ன் செடி) தண்டு இது. ஆட்டுக்கால் போலப் பழுப்பு ரோமம் மூடியிருக்கும். அதைச் சுரண்டி, தோலைச் சீவி, நசுக்கி, மிளகு, சீரகம், சின்ன வெங்காயம், பூண்டு சேர்த்துக் கொதிக்கவைத்து வடிகட்டினால் போதும். குளிருக்கு இதமான சூப் இது. கால்சியக் கணக்கில் இதைச் சேர்க்க வேண்டாம். காட்டிலிருந்து எடுத்து வருவது என்பதால், தேவைக்கு மட்டும் வாங்குங்கள்.

மாத்திரை எடுப்பவர்களுக்கு

கால்சியம் கார்பனேட் மாத்திரையைச் சாப்பாட்டுடன் எடுங்கள்; ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையுடன் சேர்த்து விழுங்காதீர்கள். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்கள், கர்ப்பிணிகள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் ஆகியோர் பிரண்டை கேப்ஸ்யூல் வாங்கும் முன் மருத்துவரைக் கட்டாயம் கேளுங்கள்.